தையலுக்கு விட்ட தண்ணீர்

மார்ச் 4

என் வீட்டுக்காரியை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தாயிற்று. குடலிறக்க ஆபரேஷன். அடிவயிற்றில் குறுக்காகத் தையல். நான் கொத்தனார், அவள் சித்தாள். அவள் சுமந்து வந்த கலவையைத்தான் நான் பூசினேன். "தலையில ஏத்தினதெல்லாம் இப்பதான் வயித்துல இறங்கிருக்கு" என்றேன். "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள்.

இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர், தப்பு வந்தால் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போகச் சொன்னார். சுவரில்கூட நான் அப்படி விட்டதில்லை. இங்கே விடலாமாம். என்ன சுகம்!

மார்ச் 5

நர்ஸ் சொல்லி அனுப்பியவை: குளிக்கக் கூடாது. கை கழுவாமல் தொடக் கூடாது. சிவந்தால், சீழ் கசிந்தால் உடனே வர வேண்டும். 'சீழ்' என்று எழுதும்போது ழ அழகாகச் சுழித்துக்கொண்டு வந்தது. சொல்தான் நன்றாக இல்லை.

மகள் போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "மறுபடி காட்டப் போறப்ப தையல் சரியா இல்லன்னா அம்மா என்கூட வந்துடட்டும்ப்பா. உங்களால முடியாது." என்னை அழைக்கவில்லை. அங்கே மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் இருக்கிறார்கள். எத்தனை அறை என்று எனக்குத் தெரியாதா? அந்த வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்தவனே நான்தான்.

மார்ச் 7

சமையல், துணி, அவளைத் தூக்கி உட்கார வைப்பது, படுக்க வைப்பது. இடுப்பு போயிற்று. எழுத்து இன்று குடித்தவன் நடக்கிற மாதிரி போகிறது.

மார்ச் 9

தையல் காய்ந்து இழுக்கிறதாம். அரிக்கிறது, தூக்கம் இல்லை. நானும் பார்த்தேன். பொருக்குத் தட்டி, ஓரம் வெடித்தாற்போல் இருந்தது.

"தண்ணி விடாத பூச்சு மாதிரி இருக்கா?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் இருக்கு."

"அப்ப ஈரச்சாக்கு போடுங்க."

"குளிக்கக் கூடாதுன்னாங்களே."

"குளிக்கத்தானே கூடாதுன்னாங்க? துணி நனைச்சுப் போடக் கூடாதுன்னா சொன்னாங்க?"

அவள் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புதுப் பூச்சை வெயிலுக்குக் கொடுத்தால் வெடிக்கும். நனைத்துக்கொண்டே இருந்தால் இறுகும். ஆயுள் முழுக்க அதைத்தானே செய்தோம்? பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து, நனைத்துப் பிழிந்து போட்டேன். "அப்பாடா" என்று கண்ணை மூடினாள்.

மார்ச் 10

காய விடாமல் நனைத்து நனைத்துப் போடுகிறேன். அரிப்பு இல்லை. தூங்குகிறாள். குறட்டை கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இதுவரை தெரியாது.

மார்ச் 12

துணியை எடுத்தபோது ஒரு வாடை. தையலைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறிக் கிடக்கிறது. ஒரு மூலையில் மஞ்சளாகக் கசிவு. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

மகள் போன் செய்தாள். "நல்லா இருக்கேன்டி. உங்கப்பா கையில வெச்சுத் தாங்குறாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு என்னிடம் மெதுவாக, "சொல்லாதீங்க. கூட்டிட்டுப் போயிடுவா" என்றாள்.

சொல்லவில்லை.

மார்ச் 13

உடம்பு சுடுகிறது. கசிவு அதிகம். மறைத்தால் இங்கே இருப்பாள். எத்தனை நாளைக்கு இருப்பாள்? — சர்க்கரை உள்ள உடம்பு. நானே மகளுக்குப் போன் செய்தேன். அதைப் பார்த்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா வலியா, தெரியவில்லை. எழுத முடியல.

மார்ச் 14

நர்ஸ் பார்த்ததுமே கேட்டாள்: "என்ன தாத்தா போட்டீங்க?"

சொன்னேன். ஈரத்துணி என்று.

"ஈரத்துணியா!" மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா என்ன சுவராப்பா?"

அவள் படுக்கையிலிருந்து, "நான்தான்டி போடச் சொன்னேன். அவரைத் திட்டாத" என்றாள். நேற்று முழுக்க என்னோடு பேசாதவள்.

டாக்டர் ஒரு பக்கத்துத் தையலைப் பிரித்து விட்டார். உள்ளே குழி. மறுபடி தைக்க மாட்டார்களாம். திறந்தே விட்டு, தினமும் கழுவி, மருந்துக்கடை உப்புத்தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியைக் குழிக்குள் தளர்வாக வைக்க வேண்டும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வருமாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுவும் ஈரம்தானேம்மா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "இது கிருமி இல்லாத ஈரம் தாத்தா. மேலே காஞ்ச துணி போட்டு மூடிடுவோம். உங்க வேட்டி ஈரம் வேற."

எப்படிச் செய்வது என்று அவள் காட்டும்போது மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் எந்த வேலையும் எனக்குப் படியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். நான் மட்டும் திரும்பினேன்.

மார்ச் 15

சோறு அதிகமாக வடித்துவிட்டேன்.

மார்ச் 16

காலையில் மகள் போன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அப்பா, இங்க கொஞ்சம் வர முடியுமா?"

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நான்தான்... கட்டைப் பிரிச்சேன். குழியைப் பார்த்தேன். அவ்வளவுதான், கண்ணு இருட்டிடுச்சு. மாமியார் வந்தாங்க, அம்மா தொடவே விடல."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். என்னைக் கண்டதும் அவள், "வந்துட்டாரு வேட்டி டாக்டர்" என்றாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். கையுறை விரல்களில் ஏற மறுத்தது. என் விரல்கள் அப்படி. நர்ஸ் செய்த மாதிரியே செய்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு முறை மட்டும் என் காதைப் பிடித்துத் திருகினாள். வலித்ததாம்.

மகள் கதவுக்கு வெளியே நின்று, "முடிஞ்சுதாப்பா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 21

போவது, கழுவுவது, கட்டுவது, வருவது. இன்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். நடத்துநர் தட்டி எழுப்பினார். திரும்பி வரும்போது கடைப் பலகைகளையெல்லாம் படித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

மார்ச் 27

குழியின் அடி சிவந்து, மாதுளை முத்துப் போல இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது பயந்துபோய் நர்ஸிடம் கேட்டேன். அது புதுச் சதையாம், நல்லதாம். "யாரு தாத்தா கட்டுறாங்க? சுத்தமா இருக்கே" என்றாள். மகள் என்னைக் காட்டினாள். படுத்திருந்த என் வீட்டுக்காரி, "சம்பளம்தான் கேட்க மாட்டேங்கிறாரு" என்றாள்.

ஏப்ரல் 3

கட்டி முடித்துக் கை கழுவிவிட்டு வந்தேன். மகள் கட்டில் மேல் ஒரு பை வைத்து அம்மாவின் புடவைகளை மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க தினம் ரெண்டு பஸ் மாறி வர்றதைப் பார்க்க முடியலப்பா" என்றாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். "காயம் இன்னும் மூடல. ஆனா கட்டுறது நீங்கதானே. எங்க இருந்தா என்ன?" பிறகு குரலை உயர்த்தினாள்: "ஈரத்துணி மட்டும் போட்டீங்க, அவ்வளவுதான் சொல்லிட்டேன்!"

மாப்பிள்ளை ஆட்டோ கூட்டி வரப் போனார்.

ஏப்ரல் 4

காலையில் கட்டுப் போட்டாயிற்று. கசிவு இல்லை. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கினேன். இன்னும் நிறைய எழுத இருக்கிறது. உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள் — "எழுதினது போதும், வந்து என்னைத் திருப்பிப் படுக்க வைங்க!"