சந்தூக் திரும்பும் சந்தை அளக்க நம்பகமான ஒரு லேசர் கருவி வேண்டி

அனுப்புநர்
ம. பத்ருன்னிசா,
க/பெ. மதார்,
லப்பைக்குடிக்காடு,
குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: எங்கள் வீட்டுப் பொதுச்சந்தின் அகலத்தை லேசர் கருவிகள் ஒன்றுக்கொன்று மாறாகக் காட்டுவது – சோதிக்கப்பட்ட கருவி கொண்டு அளந்து தரவும், அதுவரை சுவர் வேலையை நிறுத்திவைக்கவும் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட ஊரில் என் கணவர் மதாருடனும் மகள் இனாயாவுடனும் வசித்து வருகிறேன். என் கணவர் குவைத்தில் பல வருடங்கள் கட்டட உள்வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்ததால் ஊருக்கு அனுப்பிவைக்கப்பட்டு, இப்போது படுக்கையில் இருக்கிறார். இதுவரை நான் யாருக்கும் மனு எழுதியதில்லை. முறை தவறி ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்கள் வீடு பின்மனையில் உள்ளது. முன்மனை என் கணவரின் சின்னத்தா (சித்தப்பா) மகன் அப்துல் சலாமுக்கு உரியது. நாங்கள் தெருவுக்கு வர அவர் மனையை ஒட்டிய சந்து ஒன்றுதான் வழி. சந்தின் மறுபக்கம் பழைய அரிசிக் குடோன் சுவர். பாகம் பிரித்தபோது, சந்துக்கு ஐந்தரை அடி விட வேண்டும் என்று இரு குடும்பமும் ஒப்புக்கொண்டோம். அந்த ஐந்தரை அடியைப் பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை. மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்து அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிச் செல்லும் சந்தூக், இருபக்கமும் தோள் கொடுப்பவர்களோடு போக வேண்டும். தெருமுனை வளைவில் சாயாமல் திரும்ப வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வழி விடுவது என்றால் இதைக் கணக்கில் வைத்துத்தான் விடுவார்கள்.

3. இப்போது அப்துல் சலாம் தன் மனையில் வீடு கட்டுகிறார். சந்தை ஒட்டிய சுவருக்கு முளைக்குச்சி அடித்து நூல் கட்டியாயிற்று. குடோன் சுவருக்கும் அந்த நூலுக்கும் இடையே ஐந்தரை அடி இருப்பதாக அவர் கருவி காட்டுகிறது. எங்கள் கருவி அதைவிட நான்கு விரல் குறைத்துக் காட்டுகிறது. நான்கு விரலுக்கு ஒரு மனுவா என்று தாங்கள் நினைக்கலாம். நேரான இடத்தில் அது பெரிதல்ல. வளைவில் அந்த நான்கு விரல் இல்லையென்றால் சந்தூக்கைச் சாய்த்துத்தான் திருப்ப முடியும்.

4. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கருவிகளையும் வாங்கி வந்தவர் என் கணவர்தான். ஒரே கடை, ஒரே கம்பெனி, ஒரே மஞ்சள் நிறம். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தம்பி அப்துல் சலாமுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். டேப் என்றால் இழுக்கும் கைக்குத் தகுந்தபடி பேசும், இந்த மெஷின் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்று தெரு முழுக்கச் சொன்னவரும் அவர்தான். அதனால் இன்று நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனால், "அண்ணன் சொன்னது மறந்துபோச்சா?" என்கிறார்கள். பள்ளிவாசலில் இருக்கும் சந்தூக்கை ஒரு கயிற்றில் அளவெடுத்து வந்தேன். கயிறு இழுத்தால் நீளும் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

5. அப்துல் சலாமின் கருவி சென்ற மாதம் மறுபக்கச் சுவர் வேலையின்போது சாரத்திலிருந்து கீழே விழுந்தது. கீழப்பழுவூரிலிருந்து வரும் கொத்தனார் மதுரைவீரன் அதை எடுத்துத் தூசி தட்டி, பொத்தானை அழுத்திப் பார்த்தார். சிவப்புப் புள்ளி சுவரில் விழுந்ததும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். நானும்தான் நிம்மதி அடைந்தேன்.

6. அந்தக் கருவியின் பின்பக்கம் நாக்குப் போல ஒரு மடக்குத் தகடு உண்டு. மூலைகளை அளக்க அதை நீட்டிக்கொள்ளலாம். நீட்டினால் தகட்டின் நீளத்தையும் கருவி தானே கூட்டிக்கொள்ளும். விழுந்த நாளிலிருந்து, தகடு மடங்கியிருந்தாலும் நீண்டிருப்பதாகவே அது எண்ணிக்கொண்டு கூட்டுகிறது என்பது என் கருத்து. எங்கள் கதவு நிலை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் இரண்டாலும் அளந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் சரியாக அந்தத் தகட்டின் நீளம்தான். இதை அப்துல் சலாமிடம் காட்டியபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப உங்க மெஷின்தான் அம்புட்டு கொறச்சுக் காட்டுதுன்னு ஏன் இருக்கக் கூடாது அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

7. ஆகவே மூன்றாவதாக ஒன்று வாங்கலாம் என்று பெரம்பலூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பல பெட்டிகளைப் பிரித்துக் காட்டினார். எல்லாப் பெட்டியிலும் மில்லிமீட்டர் பிசகாது என்றுதான் எழுதியிருந்தது. இதில் எதை நம்புவது என்று கேட்டேன். "எல்லாமே நல்லா போவுதுங்கம்மா, வாரண்டி இருக்கு" என்றார். வாரண்டி மெஷினுக்குத்தான், அது சொல்லும் அளவுக்கு இல்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. புதுக் கருவியும் எங்கள் அளவையே காட்டியது. அப்துல் சலாமின் மனைவி, "நீங்க வாங்குன மெஷின் உங்க பக்கந்தானே பேசும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

8. நில அளவையரிடம் சென்றேன். மனையின் எல்லையைக் காட்டலாம், உள்ளே நீங்கள் பேசிக்கொண்ட சந்துக்கு வரைபடத்தில் கோடு இல்லை என்று பொறுமையாகவே விளக்கினார். தராசுக்கு முத்திரை வைப்பது போல இந்தக் கருவிக்கும் வைத்துத் தருவார்களா என்று விசாரித்தேன். யாரிடம் போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. யார் மீதும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

9. ஜமாத்தார் கூடி நல்ல தீர்ப்பு ஒன்று சொன்னார்கள். கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, சந்தூக்கையே கொண்டுவந்து நூலுக்குள் திருப்பிப் பார்த்துவிடலாம். திரும்பினால் சுவர் எழும்பட்டும், இல்லையென்றால் நூல் தள்ளிப் போகட்டும். இரு வீட்டாரும் உடனே சம்மதித்தோம். ஆனால் தூக்கி வர ஆள் வரவில்லை. மவுத் (சாவு) விழாத தெருவுக்குள் வெறும் சந்தூக்கைக் கொண்டுவருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. மார்க்கத்தில் அப்படி எந்தத் தடையும் கிடையாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் எடுத்துச் சொல்லியும் எவரும் தோள் கொடுக்க முன்வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். படுக்கையில் கிடக்கும் மனிதர் இருக்கும் வீட்டை நோக்கி அதை எடுத்து வரச் சொல்ல எனக்கே மனம் துணியவில்லை.

10. நோன்பு பிறப்பதற்குள் சுவரை எழுப்பிவிட வேண்டும் என்று அவசரமாக வேலை நடக்கிறது. அப்துல் சலாம் கெட்டவர் அல்ல. என் கணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக இன்றும் அவர்தான் ஆட்டோ பிடித்து வருகிறார். அண்ணன் கொடுத்த கருவியை அவர் நம்புகிறார், அவ்வளவுதான். எதிரியாக இருந்தால் சண்டை போடலாம். இவரிடம் நான் என்ன செய்வது?

11. எங்கள் பேச்சையெல்லாம் என் கணவர் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். வாய் குழறுவதால் அவர் சொல்வது வெளியாருக்கு விளங்காது. போன வெள்ளிக்கிழமை எனக்கும் மகளுக்கும் விளங்கும்படி ஒன்று சொன்னார்: "என்னைய சாச்சுத் தூக்கிராதீங்க." அதன் பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

12. எனவே தாங்கள் கருணை கூர்ந்து,
(அ) சோதித்துச் சரிபார்த்த ஒரு கருவியுடன் அரசு அலுவலர் ஒருவரை அனுப்பி, இரு வீட்டாரும் பார்க்க எங்கள் சந்தை அளக்கவும்,
(ஆ) அதுவரை அந்த ஒரு பக்கச் சுவரை மட்டும் நிறுத்திவைக்குமாறு அப்துல் சலாமுக்கு அறிவுறுத்தவும்,
(இ) இத்தகைய கருவிகள் சரியா என்று பொதுமக்கள் சோதித்துக்கொள்ள மாவட்டத்தில் ஓர் இடம் ஏற்படுத்தவும்
ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

ஐயா, இரு வீட்டாரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும் அளவு எங்கள் சந்துக்குள் ஒரு நாள் தோள்களில் தானாகவே வரும். அன்று அதை அளந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்னால் தங்கள் அலுவலர் வந்துவிட வேண்டும்.

இடம்: லப்பைக்குடிக்காடு
நாள்: 17.02.2025

தங்கள் உண்மையுள்ள,
ம. பத்ருன்னிசா

கணவர் மதார் – வலக்கை இயங்காததால் இடது பெருவிரல் ரேகை