நுனி வளையும் திசை

திருவொற்றியூர்,
16-6-2025

டென்னிஸ் அவர்களுக்கு,

சுஜா எழுதுவது. சனிக்கிழமையிலிருந்து போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். எழுத்தில் இருந்தால் பிறகு மாற்றிப் பேச முடியாது.

என்னிடம் வில் பயிற்சிக்கு வரும் ஆஃபியாவுக்குப் பதினான்கு வயது. வயலின் வில்லைப் பற்றி நீங்களும் அம்பு வில்லைப் பற்றி நானுமாகச் சேர்ந்து எழுதிய புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். சனிக்கிழமை, அதிலுள்ள படத்தைப் பார்த்துத் தானே நாண் மாட்டி இழுத்திருக்கிறாள். வில் முறிந்து வலது கண்ணில் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

படத்தில் வில் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறது. நான் அப்படி வரையவில்லை. அச்சான புத்தகத்தை இப்போதுதான் திறந்து பார்த்தேன். மாற்றியது யார்?

சுஜா

ராயபுரம்,
20-6-2025

சுஜாவுக்கு,

நலம் விசாரித்தால் அதற்கும் கோபப்படுவாய். விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்காக ஜெபிக்கிறேன்.

மாற்றியது நான்தான். வயலின் வில்லும் ஒரு காலத்தில் வேட்டை வில் போல வெளியே புடைத்துத்தான் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தண்டைக் குதிரைமயிர் கட்டிய பக்கமாக உள்ளே வளைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அழுத்தி வாசிக்க முடிந்தது. உன் படத்தில் நுனிகள் நாணை விட்டு விலகிப் போயிருந்தன. கை தவறியிருக்கிறாய் என்று நினைத்துத் திருத்தினேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். நம் வீட்டில் எதைக் கேட்டாலும் சண்டையாகிறதே.

நானும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை கையில் வில் இருக்கும்போது பயிற்சியாளர் எங்கே போனார்?

டென்னிஸ்

திருவொற்றியூர்,
24-6-2025

டென்னிஸ் அவர்களுக்கு,

பயிற்சி இடத்தின் வாசலில் நின்றிருந்தேன். புத்தக அட்டையில் என் பெயர் ஏன் இல்லை என்று உங்களிடம்தான் போனில் கத்திக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். மறந்துவிட்டதா?

அம்பு எய்யும் வில் வேறு வழியில் வளர்ந்தது. முதலில் வெறும் மரம். குதிரைமேல் போனவர்களுக்குக் குட்டையான வில் தேவைப்பட்டது. மரத்தில் கொம்பும் நரம்பும் ஒட்டி, நுனிகளை எதிரியின் பக்கம் வளைத்தார்கள். விசை அந்த வளைவில் இருக்கிறது. நாணை எதிர்ப்பக்கம் மாட்டினால் தண்டு தாங்காமல் முறியும். இன்றைக்குச் சக்கரம் வைத்த வில்லே வந்துவிட்டது. இதெல்லாம் படத்துக்கு முந்தின பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் படத்தைத் திருத்தியிருக்கிறீர்கள்.

புத்தகத்தை எல்லாப் பள்ளிகளிலிருந்தும் திரும்ப வாங்குங்கள். ஆஃபியாவின் அம்மா அஜீசுன்னிசா என்னைத்தான் திட்டுகிறார். என் பங்கை வாங்கிக்கொண்டேன். உங்கள் பங்கை நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுஜா

ராயபுரம்,
6-7-2025

அன்புள்ள சுஜா,

வண்ணாரப்பேட்டையில் ஆஃபியாவின் வீட்டுக்குப் போனேன். அஜீசுன்னிசா உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, படத்தை மாற்றியது நான்தான் என்று சொன்னேன்.

"உன் சம்சாரம் வந்து நான்தான் தப்புன்னு அய்துகினு போச்சு. இப்போ நீ வந்துகீற. ரெண்டு பேரும் வூட்ல ஒயுங்கா பேசிகினு இருந்தா எம்பொண்ணு கண்ணு நல்லாருந்திருக்கும்" என்றார்.

எண்ணூர் வரைக்கும் அலைந்து புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். இரண்டு பள்ளிகள்தான் பாக்கி. நீ அழுதாய் என்பதை அந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வா, சுஜா.

உன் டென்னிஸ்

திருவொற்றியூர்,
22-7-2025

டென்னிஸ் அவர்களுக்கு,

நீங்கள் போய் வந்தது நல்லது. எனக்காகப் போனதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று ஆஃபியா வந்தாள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. இனி குறிபார்க்க இடது கண்தான் என்பதால் இடக்கை வில் கொடுத்தேன். "டீச்சர், பயமாகீது. பக்கத்துலயே நில்லு" என்றாள். நின்றேன். முதல் அம்பு சுவரில் பட்டது. இரண்டாவது தரையில் விழுந்தது. நான் சொல்லாமலே மூன்றாவதை எடுத்தாள். அவள் அம்மா கடைசி வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பார்வையை நான் தாங்கியாக வேண்டும். உங்களுடையதையும் சேர்த்துத் தாங்க என்னால் முடியாது. மணவிலக்கு மனுவில் நான் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களும் போட்டு அனுப்புங்கள். கூடக் கடிதம் வைக்க வேண்டாம்.

சுஜா