பதினான்கு பேர் பட்டியல்

தென்காசி,
ஜூலை 14

அன்புள்ள வேல்விழிக்கு,

இங்கு நான் சுகம். நீயும் மகள் அபியும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்தி நேற்று வீடியோவில் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். முன்பு ஸ்டேஷனில் என் ரோல் கால் உரையைக் கேட்டவர்களும் இப்படித்தான் விடுவார்கள். போலீஸ் குடும்பத்துப் பிள்ளை அல்லவா.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பவர் நம் தெரு காஜா. லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது அதுவாக இருப்பதில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறேன். எழுதிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அபியின் பிரசவத்துக்காக நீ கிளம்பும்போது, தெருநாய்களுக்காக நடத்தும் உன் வாயில்லா ஜீவன் மன்றத்தை என் பொறுப்பில் விட்டுவிட்டு, பிரிட்ஜ் கதவில் பதினோரு கட்டளைகளை ஒட்டிவிட்டுப் போனாய். பத்தை ஒழுங்காகச் செய்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தாயே, குற்றாலத்தில் போட்டி மன்றம் நடத்தும் ஷெர்லின் டீச்சரோடு எந்தப் பேச்சுவார்த்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று, அந்தப் பதினோராவதை மீறிவிட்டேன். ஒரு தடவை இல்லை. வாரம் நாலு தடவை.

உன் கோபம் எனக்குத் தெரியாததா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளை நாயின் கயிற்றை ஒரு முனையில் நீ பிடித்தாய், மறுமுனையில் அவர் பிடித்தார். இரண்டு பேரும் அதைக் காப்பாற்றியே தீருவேன் என்று இழுத்தீர்கள். நாய் கழுத்தை உருவிக்கொண்டு புரோட்டாக் கடைக்குள் ஓடிவிட்டது. அன்றிலிருந்து நீங்கள் பேசுவதில்லை. அந்த நாய் இன்றும் கடை வாசலில்தான் படுத்திருக்கிறது. இரண்டு மன்றங்களும் சேர்ந்து பார்த்துக்கொண்டாலும் அந்த உடம்பு வந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பன்னிரண்டாம் தேதி காலையில் காப்பகம் நடத்தும் சுடலையாண்டி அண்ணாச்சி கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். நாற்பது நாய்க்குக் கட்டிய இடத்தில் தொண்ணூற்று மூன்று நாய்கள். ஒரு கூண்டில் நாலு. ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்கின்றன. ஒரு குட்டிக்குக் கழிச்சல் வந்தால் அந்த வரிசை முழுவதும் படுத்துவிடுகிறது. அண்ணாச்சி என் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மேலே ‘குணமாகாதவை’ என்று தலைப்பு. கீழே பதினான்கு பெயர். மாதக் கடைசியில் கமிட்டி கூடி, ஊசி போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கப் போகிறதாம்.

“நீங்க ரெண்டு மன்றமும் போட்டி போட்டுக்கிட்டு ஆட்டோவுல கொண்டாந்து எறக்குதீங்க, ஃபேஸ்புக்குல போட்டோ போடுதீங்க. பொறவு ஒருத்தரும் எட்டிப் பாக்கதில்ல. எனக்கு மட்டும் ஆசையா, சார்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டியலில் ஒன்பது நாய்கள் நாம் கொண்டு போய் விட்டவை. ஐந்து டீச்சருடையவை.

கால்நடை டாக்டர் முகம்மது மீரான் அன்று மாலையே வந்து பதினான்கையும் பார்த்தார். குருடு, நொண்டி, வயசானது, இதெல்லாம் நோயே இல்லை, நல்ல நாயை ஊசி போட்டுக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வயசானதைக் குணப்படுத்த முடியாதே என்று அண்ணாச்சி இழுத்தார். “அப்படிப் பாத்தா மொதல்ல எனக்குத்தாம்வே ஊசி போடணும். எனக்கு அறுபத்தஞ்சாகுது” என்றார் டாக்டர். நீங்கள் போடாவிட்டால் வெளியூரிலிருந்து வேறு டாக்டரைக் கூட்டி வருவேன், இல்லையென்றால் காப்பகத்தையே பூட்டிவிடுவேன், தொண்ணூற்று மூன்றும் தெருவுக்கு வரும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

பதினான்கில் ஒன்றைப் பற்றி மட்டும் டாக்டர் உறுதி தரவில்லை. நம் செவலை. வயிற்றில் கட்டி. மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். யாரும் பார்த்து உனக்குச் சொல்லிவிடக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திருடன் என்று நினைத்து அவர் நூற்றுக்குப் போன் போட்டுவிட்டார். வந்த கான்ஸ்டபிள் என்னிடம் பயிற்சி எடுத்தவன். சல்யூட் அடித்துவிட்டு, “அய்யா, என்ன கேஸு?” என்றான். நாய் கேஸ் என்றேன்.

டீச்சர் முதலில் கேட்டது, “வேல்விழி அனுப்பிச்சாளா?” என்றுதான். இல்லை, அவளுக்குத் தெரியாது என்றேன். “அப்ப உள்ள வாங்க” என்றார். சீனி போடாத டீ கொடுத்தார். அது கோபத்தினாலா சர்க்கரை வியாதியினாலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உன் நோட்டையும் அவர் நோட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தோம். வேல்விழி, நீங்கள் இருவரும் சேர்ந்து காப்பாற்றியதாகச் சொல்லும் நூற்றொன்பது நாய்களில் பத்தொன்பது, இரண்டு கணக்கிலும் இருக்கிறது. உன் ‘லட்சுமி’தான் அவர் ‘ஜூலி’. அதற்கு நீ கருத்தடை செய்து, ஆறு மாதம் கழித்து அவரும் கொண்டு போயிருக்கிறார். மேஜையில் படுக்கவைத்து வயிற்று முடியை மழித்த பிறகுதான் டாக்டர் பழைய தழும்பைப் பார்த்தாராம். எந்த நாய் எந்தத் தெருவில் பிடிபட்டது என்பது உன் நோட்டில் பாதியும் அவர் நோட்டில் பாதியும் இருந்தது. சேர்த்து வைத்த பிறகுதான் பட்டியலில் ஐந்து நாய்களுக்குச் சொந்தத் தெருவே இருக்கிறது, அங்கே சோறு போட ஆளும் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரே வாரத்தில் ஐந்தையும் அந்தந்தத் தெருவில் கொண்டு போய் விட்டோம். கீழப்புலியூரில் ஒரு மளிகைக்கடை அக்கா, எங்கள் நாயைத் திருடியது நீங்கள்தானா என்று என்னைப் பிடித்து உலுக்கிவிட்டாள். ஒன்றரை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாளாம். அதை நீ ‘ஆதரவற்றது’ என்று எழுதியிருந்தாய்.

மீதி எட்டு நாய்களுக்கு வீடு பார்க்க வேண்டும். ஜூன் இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை, மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பந்தல் போட்டோம். சாரல் சீசன், நல்ல கூட்டம். ஒவ்வொரு நாய்க்கும் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட வேண்டும் என்றார் டீச்சர். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன்:

‘பெயர்: மொட்டை. நிறம்: கறுப்பு. அங்க அடையாளம்: இடது பின்னங்கால் இல்லை. தொழில்: செருப்புத் திருட்டு, வலது கால் மட்டும். கடித்ததாக ஒரு புகார், விசாரணையில் நிரூபிக்கப்படவில்லை.’

டீச்சர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவர் பங்குக்குக் கீழே சிவப்பு மையில், ‘ஒழுக்கம்: முன்னேற்றம் தெரிகிறது. பெற்றோர் கவனம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஜனங்கள் நின்று நின்று படித்தார்கள். இப்படி உள்ளதை உள்ளபடி சொல்லி நாய் கொடுப்பவர்களைப் பார்த்ததே இல்லை என்று ஒருவர் சொன்னார். அருவிக்கு வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மணிமுத்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தான். “செருப்புதான திருடும்? நான் செருப்பே போடுததில்ல, சார். எங்கிட்ட குடுங்க” என்று மொட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அருவியில் குளித்த உற்சாகத்தில் ஒரே நேரத்தில் மூன்று நாய் வேண்டும் என்றது. நான் பேனாவை நீட்டிவிட்டேன். டீச்சர் பிடுங்கிக்கொண்டார். “மொதல்ல தல காயட்டும். காஞ்ச பொறவும் நாய் வேணும்னு தோணுச்சின்னா வாங்க” என்றார். அதிலிருந்து அது எங்கள் விதியாகிவிட்டது. ஈரத் தலைக்கு நாய் கிடையாது. அந்தக் குடும்பம் மத்தியானம் தலை சீவி, பவுடர் பூசி வந்து ஒரே ஒரு நாயைக் கேட்டது. கொடுத்தோம். இன்றுவரை தினம் ஒரு போட்டோ அனுப்புகிறார்கள்.

மூன்று மணிக்குக் குரங்குகள் வந்தன. பிஸ்கட்டை எடுத்தால் பரவாயில்லை, கையெழுத்து வாங்கிய பாரங்கள் இருந்த ஃபைலை ஒன்று தூக்கிக்கொண்டது. நான் பழைய ஞாபகத்தில் ‘நில்’ என்று கத்தினேன். நிற்கவில்லை. அப்போது நாட்டாமை, அதுதான் இரண்டு கண்ணும் தெரியாத கிழட்டு நாய், காலையிலிருந்து யாருமே கேட்காத நாய், எழுந்து மூக்கைத் தூக்கி, குரங்கு இருந்த திசையைப் பார்த்து ஒரு குரை குரைத்தது பார். ஃபைல் கீழே விழுந்தது. குரங்குகள் எதிர்க் கூரைக்குப் போய்விட்டன. வேடிக்கை பார்த்த லாட்ஜ் மேனேஜர் ஓடி வந்தார். எங்கள் மாடியில் காயப்போடுகிற துண்டு ஒன்றும் மிஞ்சுவதில்லை, இந்த நாய் எனக்கு வேண்டும் என்றார். கண் தெரியாது, அட்டையைப் படியுங்கள் என்றேன். “அது கொரங்குக்குத் தெரியவா போவுது?” என்றார்.

அன்றும் அந்த வாரத்திலுமாக ஆறு நாய்கள் போய்ச் சேர்ந்தன.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். செவலை எப்படி இருக்கிறாள் என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் ‘சாப்பிடுது’ என்றேன். அது முழுப் பொய் இல்லை. இருபத்து மூன்றாம் தேதிவரை சாப்பிட்டாள். அப்புறம் தண்ணீரும் இறங்கவில்லை. எழுந்து நிற்க முயன்று முயன்று விழுந்தாள். இருபத்தாறாம் தேதி மத்தியானம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதற்கு மேல் இழுப்பது அவளுக்குச் செய்கிற கொடுமை என்றார். அந்த ஒரு காகிதத்தில் மட்டும் அவர் கையெழுத்துப் போட்டார்.

எத்தனையோ பிரேதப் பரிசோதனைக்கு அசையாமல் நின்றவன் நான். அன்று உள்ளே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்துவிட்டேன். டீச்சர்தான் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கழுத்துப் பட்டையில் நீ எழுதிக் கட்டிய சீட்டு இருந்தது: ‘செவலை. பயப்படுவாள். மெதுவாகப் பேசவும்.’ டீச்சர் அதைப் படித்தார். அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கின குரல் அது, உனக்கும் தெரியும். அந்தக் குரலைத் தாழ்த்தி, ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசி போட்டு முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. டாக்டர் தொட்டுச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். காப்பகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தோம். போனில் சொன்னால், பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நீ அழுவாய் என்று சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு.

முப்பதாம் தேதி கமிட்டி கூடியது. அண்ணாச்சி அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு பெயராக அவரே அடித்தார். இனி நல்ல நாயைக் காப்பகத்துக்குக் கொண்டு வருவதில்லை, கருத்தடை செய்து பிடித்த தெருவிலேயே விடுவது, யார் பிடித்தாலும் மற்றவருக்குப் போன் செய்வது என்று இரண்டு மன்றமும் எழுதிக் கொடுத்தோம். உனக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் என்மேல் மோசடி வழக்குப் போடு.

கணக்குப் பார்த்தால் இரண்டு நாய் இடிக்கும். ஒன்று டீச்சர் வீட்டில். இன்னொன்று நம் வீட்டில். தற்காலிகம்தான். பதினோரு வருஷம் நீ கேட்டு நான் மாட்டேன் என்றது நினைவிருக்கிறது, அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். சோபாவில் ஏறாது. ஏறிவிட்டது, இனி இறங்காது. எங்கே போனாலும் இரண்டடி பின்னாலேயே வருவதால் ‘ஏட்டு’ என்று கூப்பிடுகிறேன்.

இரண்டு மன்றத்தையும் ஒன்றாக்கலாம் என்று பேச்சு. தென்காசி முதலிலா குற்றாலம் முதலிலா என்பதில் மூன்று ஞாயிறு போய்விட்டது. தலைவர் யார் என்பதில் மட்டும் சண்டை இல்லை. “அது வேல்விழிதான். வேற யாரு?” என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, நான் சொன்னதாக அவளிடம் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார்.

இருபத்தேழாம் தேதி திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரோடு வருகிறேன். டீச்சரும் வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின் சீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தான் உட்கார வேண்டியிருக்கும். ஆரியங்காவு தாண்டிச் செங்கோட்டை வருவதற்குள் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடு, வேல்விழி. பெரிதாக எதுவும் வேண்டாம். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டால்கூடப் போதும்.

குழந்தையின் உச்சந்தலையில் எனக்காக ஒரு முத்தம் கொடு. நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன்னைக் கூட்டிவரக் காத்திருக்கும்,

சுந்தரபாண்டியன்