வாசனை எப்படி இருந்தது

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் பாதிப் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட இத்தனை வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு மனசு வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவைப் பற்றித்தான் கவலை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். அவர் காது உனக்குத் தெரியும், பஸ் ஓட்டிய காலத்தில் எஞ்சினில் எது தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொன்னவர், நான் மொட்டை மாடியில் நின்று முணுமுணுத்தாலும் கூடத்திலிருந்து பதில் சொல்வார். அதனால்தான் இதை, அப்பா உனக்காக வறுத்த காபிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். பெட்டியை ஒட்டுவது என் வேலை, அவர் பார்க்கமாட்டார்.

நீ அனுப்பிய காபிக்கொட்டை வறுக்கும் மெஷின் சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது அல்லவா. புகை போக ஒரு குழாயைச் சன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறார். அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். டிரம்முக்குள் சுற்றுகிற பச்சைக் கொட்டை சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் படபடவென்று வெடிக்கும், அந்தச் சத்தம் வந்து கொஞ்ச நேரத்தில் நிறுத்தி, கொட்டித் தட்டில் ஆறவைக்க வேண்டும். தவறவிட்டால் கரிதான். போன மாதம் ஒருநாள் அவர் வறுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த இரைச்சலில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. நான் முன்னறையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து, டீச்சர், உங்க வீட்ல காபி வறுக்கறீங்களா, கரி போடறீங்களா, தைச்சு வச்ச துணியெல்லாம் நாறுது என்றார். ஓடிப் போய்ப் பார்த்தால் குழாய் வழியாகப் போனது போக மீதிப் புகை நெடி தொண்டையை அறுக்கிறது. மெஷினின் கண்ணாடி மங்கி உள்ளே ஒன்றும் தெரியவில்லை, கொட்டையின் தோல் சேருகிற தட்டில் நெருப்புக் கண் மினுக்கிக்கொண்டிருக்கிறது. அப்பா அதே ஸ்டூலில், அதே சாய்ந்த தலையோடு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் வெடிக்கவே இல்லையே."

நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. மெஷினின் ஒரு பக்கம்தான் கறுத்துப்போயிற்று. அந்த நெடியில் நான் இருமிக்கொண்டு நிற்கிறேன், அவர் மூக்கில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வகுப்பில் கரும்பலகை தெரியாத பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லாது, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து ஒழுங்காக எழுதிவிடும், நாமும் மாதக்கணக்கில் ஏமாந்திருப்போம். அப்படித்தான் ஏமாந்திருக்கிறேன். திரிந்த பாலை அவர் குடித்தது, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தபோது கூப்பிடாமல் இருந்தது, எல்லாம் அப்புறம்தான் வரிசையாக ஞாபகம் வந்தது. மறுநாள் நேராகக் கேட்டேன். போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு எந்த வாசனையும் தெரியவில்லை என்று, ஏதோ செருப்பு தொலைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "பையன்கிட்ட சொல்லாத. ஆசையா வாங்கி அனுப்பினான்."

டாக்டரிடம் போனோம். காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், எதற்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்து வேறு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிடலாம் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த 'வேறு ஒன்றும்' என்ற இரண்டு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. வரும் வியாழக்கிழமை ஸ்கேன். இந்தப் பெட்டி உன் கைக்கு வரும்போது முடிவே தெரிந்திருக்கும், எப்படியானாலும் நானே கூப்பிட்டுச் சொல்வேன். உன் தங்கை மெஷினைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போகிறேன் என்று நிற்கிறாள். நான் விடவில்லை. அதையும் எடுத்துவிட்டால் அவர் காலையில் எதற்காக எழுந்திருப்பார்? நான் பக்கத்தில் இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது, மழையன்று வறுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றை உன் தங்கை கூரையில் மாட்டியிருக்கிறாள், நான் வெங்காயம் வதக்கினாலே கத்துகிறது. உன் சமையலை வாய் திறந்து பாராட்ட வீட்ல ஒரு ஆள் வந்தாச்சு என்கிறார் அப்பா. சிரிக்கத்தான் செய்கிறோம். ஆனால் ராத்திரி காஸ் மூடியிருக்கிறதா என்று நான் பலமுறை எழுந்து போய்ப் பார்க்கிறேன். நீயும் உங்கள் வீட்டு அடுப்பையும் ஹீட்டரையும் பார்த்து மூடிவிட்டுப் படு, சளி என்றால் இழுத்தடிக்காமல் டாக்டரிடம் போ.

இப்போது நான் எழுத வந்த விஷயம். போன வாரம் நீ சலித்துக்கொண்டாய், அப்பா ஒவ்வொரு தடவையும் வாசனை எப்படி, வாசனை எப்படி என்று அதையே கேட்கிறார், பாராட்டு கேட்டு வாங்குகிறார் என்று. பாராட்டுக்காக இல்லையடா. சத்தத்தைக் கேட்டு வறுத்துவிடுகிறார், என்ன வறுத்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். உனக்கு விஷயம் தெரியாது என்பதால் நீ சொல்வதை மட்டும் நம்புகிறார். அதனால் இந்தக் கடிதம் உன்னோடு இருக்கட்டும், குரலில்கூடக் காட்டிக்கொள்ளாதே.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுங்காலம் இருக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்ததும் நிதானமாக முகர்ந்து பார். அவர் கேட்கும்போது, நல்லா இருக்குப்பா என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. ரொட்டி சுட்டதுபோலவா, வெல்லம் காய்ச்சியதுபோலவா, கொஞ்சம் தீய்ந்திருந்தால் அதையும், மறைக்காமல் சொல். வேலை இருந்தாலும் அவசரப்படாதே. இந்தப் பக்கம் அவர் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா