கூலிங் டவர் பார்க்க வந்த தம்பிக்கு

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி ஜெரின் அவர்களுக்கு,

கலைவாணி எழுதுகிறேன். நூல் மில் வெற்றிவேலின் மனைவி என்றால் உங்களுக்குச் சட்டென்று நினைவு வரும். நீங்களும் காரைக்காலில் உங்கள் அம்மாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். உங்கள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிடப் போய் கூப்பிடப் போய் வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் அழுகைதான் வரும். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. இவர் போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார். மாடிப்படி ஏறினால் மட்டும் இன்னும் மூச்சு வாங்குகிறது. நேற்று மீன் குழம்பில் உப்பு குறைச்சல் என்று என்னோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

நீங்கள் முதன்முதலில் மில்லுக்கு வந்த அன்று வேறு மாதிரி இருந்தது. இவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் புலம்பினார். "டவர சோதன பண்ண வெளியிலேர்ந்து ஒருத்தன் வந்திருக்கான். கம்பெனி ஆளும் கெடையாது, டவர் தண்ணிக்கு மருந்து விக்கிறவனும் கெடையாது. டவர் மேல ஏறி, வெரலால தடவிப் பாத்துட்டு பாசி பாசின்றான். என் வேலைக்கு ஒல வச்சுட்டுத்தான் போவான்" என்றார். மெஷின் சூட்டை வாங்கி வரும் தண்ணீரை ஆற வைக்கிற அந்த டவரைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அதிலிருந்து பறக்கும் சாரலில் நின்றால் வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று மதியச் சாப்பாட்டைக்கூட அங்கேயே சாப்பிடுவார்.

அன்றைக்கே உடம்பு சுட்டது. தெருமுனை கிளினிக்கில் வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. இருமல் வந்தது, பிறகு பிதற்றல் வந்தது.

அந்த நிலைமையில்தான், இவருக்குக் காய்ச்சல் என்று மில்லில் கேள்விப்பட்டு நீங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். நீங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"டவர் தண்ணியோட லேப் ரிசல்ட் வர நாளாகும்க்கா. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேணாம்னு மேனேஜர் சொல்றாரு. வேல பாக்குறவர் வீட்டுக்குச் சொல்லாம இருக்க முடியாதுன்னு அவர்கிட்டயே சொல்லிட்டுத்தான் வந்தேன். அண்ணன பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போங்க. கூலிங் டவர்ல வேல பாக்குறவரு, லீஜியோனெல்லாவான்னு பாருங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றீர்கள். சாரலோடு மூச்சில் போய் நுரையீரலைப் பிடிக்கிற கிருமி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்றும் சொன்னீர்கள். அந்தப் பேர் என் வாயில் சரியாக வரும் வரை நீங்கள் போகவில்லை.

ஆட்டோவில் பக்கத்து வீட்டு அகஸ்டினா அக்கா கூட வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகள். கிருமியின் பேர் மறந்துவிடுமோ என்று நான் பயந்தபோது, "எங்கப்பா லெழியோன்ல இருந்தாருன்னு சொல்வேன்ல, அத நெனச்சுக்கோ கலை, வந்துடும்" என்றார். லெழியோன் என்ற அந்தப் பட்டாளத்தின் பேரைப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். இவர் என் தோளில் சாய்ந்து, "பம்ப் ஓடுதா பாரு, பம்ப் ஓடுதா பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். நான் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். யார் சொன்னது என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். உடனே சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, அன்றே மருந்தை மாற்றினார். "வழக்கமா நிமோனியாவுக்கு முதல்ல குடுக்குற சில மருந்து இதுக்குக் கேக்காதும்மா. நீங்க சொன்னதால நாள் வீணாகல" என்றார். ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தவர் கண்ணைத் திறந்து காபி கேட்ட அன்று, எனக்குத் தெரிந்த சாமி பேரை எல்லாம் சொன்னேன். நடுவில் உங்கள் பேரும் வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததை மில் ஆட்கள் சொன்னார்கள். ரிப்போர்ட்டில் 'சிறிய குறை' என்று எழுதச் சொல்லி மேனேஜர் எவ்வளவோ கேட்டும் நீங்கள் அசையவில்லையாம். லேப் ரிசல்ட்டும் நீங்கள் பயந்தபடியே வந்ததாம். டவரை நிறுத்தி, கழுவி, சாரலைத் தடுக்கும் உடைந்த தட்டுகளை மாற்றி, கிருமி மருந்து விடும் பம்பைப் புதிதாக வாங்கினார்கள். எல்லோரையும் சோதித்ததில் கேன்டீனில் வேலை பார்க்கும் அம்மாவாசைக்கும் அதே காய்ச்சல். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்ததால் அவரும் தேறிவிட்டார்.

ரிப்போர்ட்டில் இவர் மேலும் குறை எழுதியிருந்தீர்கள், தொட்டியின் அடியில் சேர்ந்த சேற்றை அள்ளவில்லை என்று. இவர் அதை வரி வரியாகப் படித்தார். பிறகு, "சரியாத்தான் எழுதியிருக்காரு" என்றார். முதல் நாள் 'வந்திருக்கான்' என்ற அதே வாய்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டவரின் அடுத்த சோதனைக்கு வேறு யாரையோ கூப்பிடப் பார்க்கிறார்கள். ஆபீசில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆளாம். இவர் நேராக மேனேஜரிடம் போய், "போன தடவ வந்தவரே வரட்டும் சார்" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் வரச் சம்மதித்தால் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னாராம். நீங்கள் இருக்கும் கோயம்புத்தூரில் உங்களுக்கு ஏகப்பட்ட வேலை இருக்கும். அவர்கள் கூப்பிட்டால் மறுக்காமல் வாருங்கள், தம்பி.

வரும்போது எங்கள் வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம். உங்களுக்கு இலை நிறையப் பரிமாற வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் சொல்கிறேன். பழகின வீடு, பாவப்பட்ட குடும்பம் என்று உங்கள் மனசு இளகிவிடக் கூடாது. இவர் வேலையில் குறை இருந்தால் இரக்கம் பார்க்காமல் எழுதுங்கள். எல்லாம் எழுதிக் கொடுத்து முடித்த பிறகு வேறொரு நாள் உங்கள் அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு வாசலில் நானே நிற்பேன்.

நீங்கள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அக்கா,
கலைவாணி வெற்றிவேல்