சீ சொல்லக் கூடாத வகுப்பு

ஸ்டாஃப் ரூமில் ஜன்னலோரம் நீ உட்காரும் இடத்தில் இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே முழுக்கப் பாலில் கலக்கிக் குடிக்கும் சாக்லேட் பொடி. ஒரு பெட்டி ஓரத்தில் கிழிந்து அறை பூராவும் இனிப்பு வாடை. எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. போன மழைக்காலத்தில் நீ ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். இந்த மழை விடுவதற்குள் உன் இடத்துக்கு இந்தக் குப்பை வந்துவிட்டது. யாரிடம் போய்க் கத்துவது? உன்னிடமே கத்துகிறேன், கேள்.

நம் வெள்ளிக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அது எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்பில் ஒரு பெண் தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் சிப்ஸ் பாக்கெட்டைத் தின்றுவிட்டு எழுந்து போவாள். நீதான் கவனித்துக் கூப்பிட்டாய். "டப்பால என்னடி இருக்கு?"

"கருவாடு டீச்சர். தொறந்தா எல்லாரும் சீங்காங்க."

நீ மாட்டுங்கா ஐயர் வீட்டுப் பெண். முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டாய். தாராவியில் பிறந்து நெத்திலியும் சாளையும் தின்று வளர்ந்த நானே "பாவம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டேன். உனக்கு மட்டும் மூக்கு சிவந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியடில் எல்லோரையும் டப்பா திறக்கச் சொன்னாய். உள்ளே இருப்பது எங்கே விளைந்தது, யார் வாங்கினார்கள், யார் சமைத்தார்கள், வீட்டில் எது குப்பைக்குப் போனது, எல்லாம் அவரவர் சொல்ல வேண்டும். ஒரே ஒரு சட்டம், யாரும் யார் டப்பாவையும் பார்த்து சீ சொல்லக் கூடாது.

அன்றைக்கு நான் கேட்டேன், "ஏட்டி, உனக்குக் கொமட்டலியா?"

"கொமட்டறதுதான். ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சு விட்டுண்டேன். நான் சாப்பிட மாட்டேன், அது என் நாக்கு. அவ சாதத்தை சீன்னு சொல்ல நேக்கு என்னடி ரைட் இருக்கு?"

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? அறிவியல் டீச்சர் என்று பேருக்கு ஒருத்தி இருக்கிறேனே! கருவாட்டுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வெயில் போதும் என்று நான் பாடம் எடுத்தேன். உப்பை நன்றாக அலசிவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்றும் சொன்னேன். பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்கள் ரொட்டியாகத் தட்டும் பஜ்ரி நம் கம்புதான் என்று தெரிந்தபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர் வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். சிப்ஸ் பாக்கெட்டை நாம் ஒருநாளும் தடை செய்யவில்லை. அதையும் டப்பா பக்கத்தில் வைத்து அதே கேள்விகளைக் கேட்டோம். பதில் சொல்லத் தெரியாமல் பிள்ளைகளே கொண்டுவருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கீரைக் கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "பக்கத்துல வெளையறதுதான் ஒசத்தி" என்று நீ ஒரு வெள்ளிக்கிழமை முழங்கினாய். அடுத்த வாரம் பாதி வகுப்பு கீரை மசியலோடு வந்து நின்றது. "எங்கேர்ந்துடா இவ்வளவு கீரை?" என்று நீ பூரித்துப்போய்க் கேட்க, சுனாபட்டியிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே போட்டிருக்காங்க டீச்சர். இதைவிடப் பக்கம் ஏது?" என்றாள். உன் முகம் போன போக்கு! சாயங்காலம் ரெண்டு பேரும் ரயில் பாலத்தில் ஏறிப் பார்த்தோம். கீழே பச்சைப் பசேலென்று கீரை. பக்கத்தில் ஒரு மோட்டார் நாலா என்கிற பெரிய சாக்கடைக் கால்வாயிலிருந்து தண்ணீரை இறைத்து அதற்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. மறுநாள் நீ நேரே வகுப்புக்குப் போனாய். "நான் பாதிதான் சொல்லிக் குடுத்தேன். பக்கத்துல வெளைஞ்சாப் போறாது, எந்தத் தண்ணின்னும் கேக்கணும்" என்றாய். அன்றிலிருந்து "எந்தத் தண்ணி" என்பதும் நம் கேள்விகளில் சேர்ந்துகொண்டது.

இப்போது நடந்ததைக் கேள். பொடி கம்பெனி பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறதாம். பதிலுக்கு வெள்ளிக்கிழமை பீரியடை எடுத்துக்கொண்டு அவர்கள் 'ஆரோக்கிய உணவு' சொல்லித் தருவார்களாம். போன வாரம் டை கட்டிய ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்குப் பொடியைக் கலக்கிக் கொடுத்து, தம்ளரை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார். "ஏதாவது டவுட் இருக்கா?" என்று கேட்டதுதான் அவர் செய்த தப்பு.

"சார், இது எங்க வெளையுது?"

"ஃபேக்டரில தயார் பண்றது, பேட்டா."

"எந்தத் தண்ணி?"

இன்னொருத்தி சாக்லேட் பொடி டப்பாவைத் திருப்பி, பொடியான எழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். முதலில் இருந்தது சர்க்கரை. வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் நேரே பிரின்சிபால் அறைக்குப் போனார்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "இந்த டப்பா டிராமாவெல்லாம் பந்த் பண்ணுங்க. ஸ்மெல் வர்ற சாமான் இனிமே அலவ்டு இல்ல. அவர்கிட்ட சாரி சொல்லுங்க. உங்க கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது, தெரியும்ல?"

"தெரியும் மேடம்" என்றேன். "பிள்ளைங்க கேட்டதுல என்ன தப்புன்னு சொல்லுங்க, சொல்லுதேன் சாரி."

அவர் ஆறாம் வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கி எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போகும் ஆண்டாப் ஹில் பஸ்ஸில் மனசுக்குள் உன்னைத்தான் திட்டினேன். இவ்வளவு சீக்கிரம் ஏன் போனாய்? இந்தச் சண்டையில் பாதி உன்னுடையதில்லையா?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பொடி பீரியடு முடிந்து சாப்பாட்டு மணி அடித்தது. மாடி வராந்தாவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு மொத்தமும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்து வைத்திருந்தது. டீச்சர் யாரும் இல்லை. ஒருத்தி கேட்கிறாள், ஒருத்தன் பதில் சொல்கிறான். பிரின்சிபால் வந்து நின்று, "யாரு உங்களை இப்படி உட்காரச் சொன்னது?" என்று அதட்டினார்.

"யாரும் சொல்லல மேடம். லஞ்ச் டைம்தானே, சாப்பிடுறோம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மார்ச் மாதம் அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. எழுதட்டும். நீ போனதற்கு அழுதேனே, அதோடு அழுகை தீர்ந்துபோயிற்று. நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்தேன்.

"டீச்சர், மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன்.