ஒரு கோப்பைத் தண்ணி

செவ்வாய்க்கிழமை, இரவு.

கருவாடு காயப்போடுற வாடியில சும்மா தந்த, உப்பில ஊறின மீன்தலையைக் கழுவாமல் தவிட்டோட கலந்து நேற்றுப் பன்றிகளுக்கு வச்சது நான்தான். சும்மா கிடைச்சா நஞ்சையும் அள்ளுவன் நான். மோட்டர் பழுதாகிப் பன்றிகள்ட தண்ணித் தொட்டி காய்ஞ்சு கிடந்ததையும் பார்க்கல்ல.

இண்டைக்குச் சினைப்பன்றி தள்ளாடித் தள்ளாடிச் சுவரில தலையை முட்டுது. கிணத்துத் தண்ணியை வாளி நிறைய அள்ளிக்கொண்டு ஓடினன். இவர் போனில பிடிச்ச மிருக வைத்தியர், "நிப்பாட்டுங்க!" எண்டு கத்தினார். "உப்பு மூளைக்கு ஏறிட்டு. இப்ப ஒரேயடியாக் குடுத்தா மூளை வீங்கிச் செத்துரும். கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க."

"நீ படு, நான் பார்க்கிறன்" எண்டார் இவர். எப்படிப் படுக்கிற?

ஒரு கோப்பை குடுக்கிறன். நக்கி முடிச்சிட்டு என்ட முகத்தையே பார்க்குது. வாளியை அதுக்குத் தெரியாமல் கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கன்.